உழவாரமும் ஸ்பேனரும்

ஆயுத பூஜையன்று விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளி வணங்குவது, ஆண்டு முழுக்கத் தன் கை பட்டுத் தேய்ந்த கருவியை. அதே நாளில் சொகுசு எஸ்யூவிக்கு மாலை போடுபவர் பலர், அதன் பானட்டைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டும் ஒரே வழிபாடு அல்ல என்றே நான் கருதுகிறேன். விருத்தாசலம்தான் அப்பர் பாடிய திருமுதுகுன்றம். 7ஆம் நூற்றாண்டின் அந்த அடியவர் பாட்டோடு நிற்கவில்லை. உழவாரம் ஏந்திக் கோயில்களின் புல்லைச் செதுக்கினார். பராமரிப்பே அவருக்குப் பக்தியாக இருந்தது. காரைத் தானே பராமரிப்பதும் அத்தகைய தொண்டே என்பேன். கோயிலும் காரும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல. ஆனால் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அதனால் கொதிநிலை குறைந்து, நீண்ட மலை இறக்கத்தில் பிரேக் கைவிடலாம். இரண்டு டன் வண்டியில் அதைக் கவனிப்பது, சாலையில் நடப்பவரின் உயிரைக் கவனிப்பது. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் விரிசல் தேடும் பொறுமையும் (பீங்கான் ஊருக்கு அது பழகிய பொறுமை) அத்தகையதே.

இந்தப் பராமரிப்பு பொருள்மீது பற்றை வளர்க்காதா? பெரிய சக்கரம், கூடுதல் விளக்கு என்று பகட்டுக்காகச் சேர்ப்பது நிச்சயம் வளர்க்கும். அதை நான் தொண்டில் சேர்க்கவில்லை. மெக்கானிக்கின் பிழைப்பு கெடுமே என்பது இதைவிடக் கனமான கேள்வி. ஏர் ஃபில்டரையாவது தானே மாற்றிப் பார்த்தவருக்கு அந்த உழைப்பின் அருமை தெரியும். கூலியில் பேரம் பேசத் தயங்குவார். ஏர்பேக், ஏர் சஸ்பென்ஷன் போன்றவை எப்படியும் பயிற்சி பெற்ற கைகளுக்கே உரியவை.