முந்திக்கொள்ள முடியாதவர்



தவக்காலத்தின் நான்காம் வாரச் செவ்வாய்க்கிழமை இன்று. யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம் வாசிக்கக் கேட்டோம். எருசலேமில் ஆட்டு வாயிலுக்குப் பக்கத்தில் பெத்சதா என்றொரு குளம், அதைச் சுற்றி ஐந்து மண்டபங்கள். பார்வையில்லாதவர்களும் நடக்க ஏலாதவர்களும் அங்கே கும்பலாகக் கிடக்கிறார்கள். தண்ணீர் கலங்கும் நேரத்தில் இறங்கினால் சுகம் வரும் என்று காத்திருக்கிறார்கள். 38 வருடமாக நோயோடு இருக்கும் ஒருவரிடம் இயேசு வந்து, சுகம் வேண்டுமா என்று கேட்கிறார். அந்த மனிதர் ஓம் என்று சொல்லவில்லை. தன்னை இறக்கிவிட ஆளில்லை என்கிறார். தான் போய்ச் சேருவதற்குள் இன்னொருவர் முந்தி இறங்கிவிடுகிறார் என்கிறார்.

அவர் தன் நோயை நொந்துகொள்ளவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவருடைய மனக்குறை முழுவதும் கூட இருந்தவர்களைப் பற்றியது. அத்தனை பேரில் ஒருவருக்காவது, “அண்ணை, இந்தமுறை நீங்கள் முன்னுக்குப் போங்கோ” என்று சொல்ல மனம் வரவில்லை. அவர்களையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களும் நோயாளிகள். முந்தியவருக்கே சுகம் என்று ஆகிவிட்ட இடத்தில் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர்கூடப் போட்டிக்காரர்தான்.

வெளிநாடு போகவென்று ஆங்கில வகுப்புக்குப் போகிற நம் பிள்ளைகள், வாசலில் இருவர் எதிர்ப்பட்டால் “ஆப்டர் யூ” என்றும் “ப்ளீஸ், கோ அஹெட்” என்றும் சொல்லப் பழகுகிறார்கள். நல்ல பழக்கம், பழகட்டும். நம் வீடுகளிலும் அது உண்டு. “நீங்கள் முதல் போங்கோ”, “எனக்கு அவசரமில்லை, நான் பிறகு எடுக்கிறன்”, “பிள்ளைத்தாய்ச்சி நிக்கிறா, வழி விடுங்கோ” என்று தினமும் சொல்கிறோம். கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குக் குறிகாட்டுவானில் படகேறும்போது, வயதான அம்மாமாரைக் கைபிடித்து முதலில் ஏற்றிவிடுகிற இளைஞர்களைக் கண்டிருப்பீர்கள். அதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் என் மனம் நிறைகிறது.

ஆனால் “நீங்கள் முதல் போங்கோ” என்ற சொல்லை யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நம் கிணற்றடியையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடுகிறது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைநீரைக் கிணற்றில் அள்ளித்தான் தலைமுறை தலைமுறையாகக் குடித்து வந்தோம். அந்த நல்ல தண்ணிக் கிணற்றடியில் சாதியின் பேரால் வெறுங்குடத்தோடு தள்ளி நின்ற மக்கள் இருந்தார்கள். அவர்கள் துலாக்கயிற்றைத் தொடக்கூடாது, கிணற்றுக் கட்டில் கால் வைக்கக்கூடாது. வேறு சாதிக்காரர் ஒருவர் வந்து, தன் தேவையெல்லாம் முடித்து, மனமிருந்தால் ஒரு வாளி அள்ளி அவர்களுடைய குடத்தில் ஊற்றுவார். அதுவரை வெயிலில் நிற்க வேண்டும். வந்தவர்களுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்ட அந்தத் தாய்மாரைப் பார்த்து மரியாதை தெரிந்தவர்கள் என்று ஊர் சொன்னது. எவ்வளவு பெரிய பொய் அது! பெத்சதாக் குளத்து மனிதரின் நிலைதான் அவர்களுக்கும். மற்றவர்களை முன்னுக்குப் போகச் சொல்லும் உரிமைகூட அவர்களுக்கு இருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கட்டும் என்று கேட்டபோது இந்த ஊரில் எவ்வளவு எதிர்ப்பு எழுந்தது என்பதைப் பெரியவர்கள் அறிவீர்கள். 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்த பிறகும், 1968இல் மாவிட்டபுரம் கோவில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் மறிக்கப்பட்டார்கள். அது சைவக் கோவில் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம்முடைய ஆலயங்களிலும் யார் எங்கே இருப்பது என்று சாதி பார்த்து இடம் பிரித்த காலம் இருந்தது. நற்கருணை வாங்க வந்த இடத்திலேயே முன்பின் பார்த்தோம். தவக்காலத்தில் இதைச் சொல்லாமல் நான் வேறு எதைச் சொல்வது?

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இதுதான். வழிவிட வேண்டியவர் முந்திக்கொள்ளக் கூடியவர்தான். பலம் உள்ளவர், ஆள் தெரிந்தவர், வாகனம் உள்ளவர், வெளிநாட்டுக் காசு வருகிறவர். ஏலாதவரிடம் போய் விட்டுக்கொடுங்கள் என்று உபதேசிப்பது நற்செய்தி அல்ல.

2022இல் தட்டுப்பாட்டுக் காலத்தில் மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசைகளை நினைத்துப் பாருங்கள். கடலுக்குப் போகிறவர்கள் கான்களைக் கயிற்றில் கோத்து, இடம் பிடித்து, இரவிரவாக நின்றார்கள். ஒரு நாள் எண்ணெய் கிடையாவிட்டால் அன்று தொழிலில்லை, வீட்டில் அடுப்பில்லை. அந்த வரிசையில் நின்ற ஒருவர், பின்னால் மயங்கி விழப்போன கிழவரைத் தன் இடத்துக்குக் கூட்டிவந்து விட்டுத் தான் கடைசிக்குப் போயிருந்தால், அவர் கொடுத்தது ஒரு நாள் உழைப்பு. பின்வாசலால் போய்த் தெரிந்தவரைப் பிடித்து எண்ணெய் எடுத்தவர்களும் இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் விடிய நாலு மணிக்கு வந்து துண்டு எடுத்தவர் வாங்கில் இருக்க, உள்ளே ஆள் தெரிந்தவர் பத்து மணிக்கு வந்து மருந்தோடு போவதும் அதே கதைதான். நமக்கு அது சின்ன உதவி போலத் தெரிகிறது. வாங்கில் இருப்பவருக்கோ, தனக்கு முன்னால் இன்னொருவர் குளத்தில் இறங்கிவிட்டது போல.

1995 ஒக்டோபர் 30 இரவை இங்கே பலர் மறக்கவில்லை. போருக்கு அஞ்சி, மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி வலிகாமமே இடம்பெயர்ந்து நகர்ந்தது. நடக்க ஏலாத முதியவர்கள் பலர் வீடுகளிலேயே தங்கிவிட்டார்கள். அந்த இரவில் வழிவிட்டவர்களையும், வழிவிட முடியாமல் போனவர்களையும் ஆண்டவர் அறிவார். அதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் யார்?

இயேசு அந்த மனிதரைக் குளத்தடிக்குத் தூக்கிச் செல்லவில்லை. அப்படிச் செய்திருந்தால் அன்றைக்கு வேறொருவர் பின்னுக்குப் போயிருப்பார். படுத்திருந்த இடத்திலேயே எழுந்து நடக்கச் சொன்னார். முதல் வாசகத்தில் எசேக்கியேல் கண்டதும் இதைத்தான். கோவில் வாசற்படியின் கீழிருந்து தண்ணீர் புறப்படுகிறது. கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஏறி, கடக்க முடியாத ஆறாகிறது. போகிற இடமெல்லாம் உயிர், இரு கரையிலும் கனிமரம். அந்த ஆற்றங்கரையில் ஒருவரும் மற்றவரை இடிக்கத் தேவையில்லை. கிணற்றையும் தண்ணீர்ப் பவுசரையும் நம்பி வாழும் தீவுப்பகுதி மக்களுக்கு இந்த வாசகம் எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பாருங்கள். பவுசர் வரும் நாளில், குடம் தூக்க ஆளில்லாத வீடு எது என்று அந்தந்த வட்டாரத்துக்குத் தெரியும். அந்த வீட்டுக் குடம் முதலில் நிரம்பட்டும்.

செவ்வாய்க்கிழமை என்பதால் பூசை முடிய அந்தோனியார் பாண் கொடுபடும். படுக்கையில் இருப்பவர்களுடைய பங்கை இளையோர் மன்றத்தினர் முதலே எடுத்து வைத்துவிட்டார்கள், இன்று மத்தியானத்துக்குள் வீடுகளுக்குக் கொண்டுபோவார்கள். எழும்ப ஏலாதவர்கள் வாங்கிலேயே இருங்கோ, பாண் உங்களிடம் வரும். மற்றவர்கள் அதற்குப் பிறகு வாருங்கள். இப்போது எல்லோரும் எழுந்து நின்று மன்றாடுவோம்.