காவல் மாறும் வேளை

பாய்மரப் படகேறிச் சமுத்திரத்தைக் கடக்கும் மனிதரைக் குறித்து, கரையிலிருக்கும் நாம் இயல்பாகவே பொறாமை கலந்த ஒரு வியப்பினைக் கொள்கிறோம். கடனும் கந்தோரும் அயலாரின் வழக்கும் எட்டாத வெளியிலே, நினைத்தபோது எழும்பி, நினைத்தபோது படுத்து, காற்றுப் போன வழியே தாமும் போகும் பூரண சுதந்திரர் அவர் என்று கற்பனை செய்கிறோம். கடலோசை கேளாத நெடுங்கேணியிலே, மாரி மழையையும் குளத்து நீரையும் நம்பிச் சீவிக்கும் குடும்பமொன்றிற் பிறந்து, சமுத்திரத்தைப் பெரும்பாலும் புத்தகங்களிலேயே தரிசித்தவன் நான். ஆயினும் அத்தகைய பிரயாணிகள் எழுதிவைத்தவற்றை வாசிக்க வாசிக்க, அவர்களுடைய வாழ்க்கையின் மையமாக எனக்குப் புலப்பட்டது புயலுமன்று, சுதந்திரமுமன்று. மிகச் சாதாரணமானதும், அதனாலேயே எவரும் அதிகம் சிந்தியாததுமான நித்திரையே அது.

நாற்பதடி நீளமுள்ள ஒரு பாய்ப்படகு, நல்ல காற்று வாய்த்தால், மணிக்கு ஐந்து அல்லது ஆறு கடல் மைல், அதாவது ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர் செல்லும். கனேரித் தீவுகளை விட்டு அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து கரீபியத் தீவொன்றை அடைய ஏறத்தாழ 2,700 கடல் மைல்; சுமார் மூன்று வாரப் பிரயாணம். அந்த மூன்று வாரமும் படகு நிற்பதில்லை. இரவாயிற்று என்று நங்கூரமிட அங்கே தரை எட்டாது. ஆகையால், படகு ஓடிக்கொண்டிருக்கும்வரை அதிலுள்ளோரில் ஒருவரேனும் விழித்திருத்தல் வேண்டும் என்ற ஒரே நியதியிலிருந்தே அங்குள்ள நாளாந்த வாழ்வு முழுவதும் கிளைக்கிறது. நான்கு மணி நேரம் ஒருவர் காவல். அடுத்த நான்கு மணி நேரம் மற்றவர். அந்தி வேளையின் நான்கு மணி நேரத்தை மாத்திரம் இரண்டிரண்டாக வகுத்து வைத்த பழைய மாலுமிகளின் நியாய புத்தியை நான் வியக்கிறேன். அவ்வாறு வகுத்ததனால் முறை தினந்தோறும் சற்று நகர்ந்து, நள்ளிரவுக் காவல் என்ற கசப்பு எவர் ஒருவருக்கும் நிரந்தரமான விதியாகாமற் போயிற்று.

எஞ்சிய கருமங்கள் யாவும் இந்த முறையை அனுசரித்தே நடக்கின்றன. படகு எப்பக்கம் சரிந்தாலும் தான் நேரே நிற்கும்படி ஊசலாடுகின்ற அடுப்பிலே கஞ்சியோ சோறோ கொதிக்கிறது. உறங்குபவர் உருண்டு விழாதிருக்கப் படுக்கையின் ஓரத்திலே துணியொன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. பாத்திரங்களை உப்புநீரிற் கழுவி, நன்னீரை அளந்து குடிக்கிறார்கள். விடிந்ததும் கயிறுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறார்கள்; ஏனெனில், புயல் அறுக்கும் கயிறுகளைக் காட்டிலும், பிரயாணம் முழுவதும் ஒரே இடத்தில் உரசி உரசித் தேய்ந்து அறுபவையே அதிகம். கிழக்கு மேற்காகப் பதினைந்து பாகை கடக்குந்தோறும் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் மாற்றிவைக்கவேண்டிய அந்தச் சீவியத்திலே, காலத்தை நிச்சயிப்பது சூரியனுமன்று, கடிகாரமுமன்று. இப்பொழுது விழித்திருப்பது எவருடைய முறை என்ற வினாவே.

காவல் மாறும் அந்தச் சில நிமிடங்களை நான் நெடுநேரம் சிந்தித்ததுண்டு. அங்கே பேசப்படுவன மிகச் சில: காற்று எத்திசைக்குத் திரும்பியது, பாய் எவ்வளவு சுருக்கப்பட்டது, எந்தப் பக்கத்திலே எந்தக் கப்பலின் விளக்குத் தென்பட்டது, எந்தக் கயிறு நாளைக்குத் தாங்காது. உபசார வார்த்தைக்கு அங்கே இடமில்லை. பொய்க்கு அறவே இடமில்லை. தன் காவலில் நேர்ந்த பிழையை மறைத்துவிட்டு ஒருவன் படுக்கைக்குப் போவானாயின், அவன் வஞ்சித்தது தோழனை மாத்திரமன்று. சமுத்திரத்துக்கும் தன் சிரசுக்கும் இடையேயுள்ள மெல்லிய பலகையையும் வஞ்சித்தவனாகிறான். மற்றவன் கண்ணை நம்பித் தன் கண்ணை மூடுவதிலும் பெரிய நம்பிக்கை மனிதருக்கிடையே வேறொன்று உண்டோ என்பது ஐயம். அந்த நம்பிக்கையோ, கண்டதைக் கண்டவாறே சொல்லுதல் என்ற எளிய சத்தியத்தின்மீது நிற்கிறது.

எங்கள் வடபுலத்து வல்வெட்டித்துறை மாந்தர் இதனை நூல்களிற் படித்து அறிந்தவரல்லர். அந்தத் துறையிலே 1930ஆம் ஆண்டில் சுந்தரமேத்திரியார் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ என்னும் இருபாய்மரக் கப்பல், 89 அடி நீளமும் 19 அடி அகலமும் உடையது. முப்பதடியிலும் சற்றே நீண்ட ‘ஸ்வாப்’ என்னும் சிறு படகிலே உலகைச் சுற்றி வந்து புகழ்பெற்ற வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதனை விரும்பி வாங்கி, தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என மறுநாமம் சூட்டினார். சுயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரோல்ற்றர், அத்திலாந்திக் சமுத்திரம் ஆகியவற்றைத் தாண்டி, 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறைமுகத்தை அந்தக் கப்பல் அடைந்தபோது, அதனைக் கொண்டுசென்றவர்களுள் தண்டையல், அதாவது கப்பற்றலைவர், தம்பிப்பிள்ளையும் அவருடைய ஊரவரான மாலுமிகளும் இருந்தனர். வாடையையும் சோழகத்தையும் கச்சானையும் கொண்டலையும் பெயர் சொல்லி அழைத்துப் பழகிய அவர்கள், பெயரறியாத காற்றுகளுக்கு நடுவே தமது பிரயாணத்தை நிறைவேற்றினார்கள். அச்சாதனையைப் பேசுவோர் கப்பலின் உறுதியையும் தண்டையலின் திறமையையும் போற்றுவது தகும். நானோ, அத்திலாந்திக்கின் நடுவில் ஏதோவோர் இரவிலே, சுக்கானைத் தோழனிடம் கொடுத்துவிட்டு, வல்வெட்டித்துறையிலே தன் வீட்டுத் திண்ணையிற் கிடப்பதுபோலவே நிம்மதியாகக் கண்ணயர்ந்த அந்த மாலுமியின் மனத்தை அதிகம் போற்றுகிறேன்.

நமது காலத்து உதாரணம் ஒன்றும் உண்டு. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த டில்னாவும் ஆகிய இந்தியக் கடற்படை அதிகாரிகள் இருவர், 2024 ஒக்ரோபர் இரண்டாந் திகதி கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்ற ஐம்பத்தாறடிப் பாய்ப்படகிற் புறப்பட்டு, 25,000 கடல் மைலுக்கு மேற் சென்று, 2025 மே மாத இறுதியில் அங்கேயே திரும்பி வந்தனர். தென் பசிபிக்கிலே, எத்திசையிலும் 2,600 கிலோமீற்றருக்கும் அதிகமான தொலைவுக்கு நிலமே இல்லாத ‘நீமோ முனை’ என்ற இடத்தையும் அவர்கள் கடந்தார்கள். அவ்விடத்தில் இருப்பவருக்குச் சில வேளைகளில் அண்மையிலுள்ள பிற மனிதர், தலைக்கு மேலே நானூறு கிலோமீற்றர் உயரத்தில் விண்வெளி நிலையத்திற் சுற்றுவோரே என்பர். இருவரே உள்ள படகில் ஒருவர் உறங்க மற்றவர் விழிக்கவேண்டுமாதலால், மாதக்கணக்காக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் இருவரும் ஒருங்கே விழித்திருந்து அளவளாவும் பொழுது சொற்பமே. நெருக்கம் என்பது ஓயாது முகத்தை முகம் பார்த்திருப்பதே என்று எண்ணும் நமக்கு இது விபரீதமாகத் தோன்றலாம். ஆனால், ஒருவருடைய நித்திரையை மற்றவர் காத்துக் கொடுத்தபடி உலகை வலம் வந்த அவர்களிலும் நெருங்கி வாழ்ந்தோர் எவர்?

தனியே கடல் கடந்தோரும் உண்டே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், அவர்களுடைய சரித்திரமே எனது எண்ணத்துக்கு வலுவான சாட்சியாகிறது. தனியொருவராக முதன்முதல் உலகைச் சுற்றிய யோசுவா சிலோகம், 1895ஆம் ஆண்டில் அசோரஸ் தீவுகளிலிருந்து ஜிப்ரோல்ற்றர் செல்லும் வழியிலே, தீவிற் பெற்ற பழங்களையும் பாற்கட்டியையும் உண்டு வயிற்றுநோயுற்று அறையிலே வீழ்ந்து கிடந்தார். கண் விழித்துப் பார்த்தபோது சுக்கானிலே நெடிய மாலுமி ஒருவன் நிற்கக் கண்டதாகவும், தான் கொலம்பசின் ‘பின்ரா’ என்ற கப்பலின் வழிகாட்டி என அவன் கூறியதாகவும் அவரே எழுதியிருக்கிறார். அது காய்ச்சலின் மாயையாகவே இருக்கட்டும். துணையற்ற மனம், தான் உறங்குவதற்காக, நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒருவனையாவது எழுப்பிக் காவலுக்கு நிறுத்தாமல் இராது என்பதே நான் அதிலிருந்து பெறும் பாடம்.

1968இல், தனியே எங்கும் தரியாது உலகைச் சுற்றும் போட்டிக்குப் புறப்பட்ட ஒன்பதின்மரில் ஒருவரே அதனை நிறைவேற்றினார். அவர், பம்பாயிலே தேக்குமரத்தாற் கட்டப்பட்ட ‘சுஹைலி’யிற் சென்ற றொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்ரன். அவருடைய வெற்றியிலும் என் மனத்தை அதிகம் தொடுவது அதே போட்டியிற் சென்ற டொனால்ட் குறோஹேர்ஸ்ற் என்பவரின் கதை. அத்திலாந்திக்கை விட்டு நீங்காமலே, தாம் வேறெங்கோ செல்வதாக வானொலி மூலம் பொய்யான இடங்களை அறிவித்து வந்த அவருடைய படகு, 1969 யூலையில் ஆளின்றி மிதக்கக் காணப்பட்டது. அவர் பிறவியிலே வஞ்சகர் என்று நான் கருதவில்லை. அவருக்குப் பின் சுக்கானைப் பிடிக்க அந்தப் படகில் எவரும் இருக்கவில்லை. கண்டதைக் கண்டவாறு ஒப்புவிக்கவேண்டிய ஒரு முகம் எதிரே இல்லாதபோது, பொய் முதலில் நாட்குறிப்பிலும் பின்னர் சித்தத்திலும் குடிபுகுந்துவிட்டது.

எங்கள் ஊரிலே காலபோக நெல் கதிர் தள்ளும் காலத்தில், காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் அஞ்சி வயலோரத்துப் பரணிலே இரவுக் காவலிருப்பது வழக்கம். என் இளமையில் நானும் என் சிற்றப்பாவும் அவ்வாறு முறைவைத்து விழித்ததுண்டு. அவருடைய முறை வந்ததும் அவர் என்னிடம் கேட்பது, “என்ன கண்டனி? என்ன கேட்டனி?” என்ற இரண்டே. நான் பதில் சொன்னதும், “சரி, நீ படு மோனை” என்பார். அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பின்பு, காட்டின் ஓரத்திலே, சாக்கொன்றை விரித்து நான் உறங்கிய நித்திரையைப் போன்றதொன்றைப் பிற்காலத்தில் மெத்தைகளிலும் நான் அனுபவித்ததில்லை. சமுத்திரத்தைக் கடப்போரின் படகும் என் சிற்றப்பாவின் பரணும் ஒரே தருமத்தின் இரு வடிவங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதற்கு எதிர்மாறான இரவுகளையும், நெடுங்கேணி அடங்கிய எங்கள் வன்னி அறியும். 1997ஆம் ஆண்டு ‘ஜயசிக்குறு’ எனப் பெயரிட்ட இராணுவ நடவடிக்கை தொடங்கி எங்கள் ஊரவர் இடம்பெயர்ந்து சிதறிய காலத்திலே, மரத்தடிகளிலும் பாடசாலைக் கட்டடங்களிலும் எல்லோரும் ஒருங்கே விழித்திருந்தோம். அத்தனை கண்கள் விழித்திருந்தும் ஒருவருடைய விழிப்பினால் இன்னொருவர் உறங்க முடியவில்லை. அச்சத்தின் விழிப்புக்கு அந்த வல்லமை கிடையாது. இன்றைக்கும், நள்ளிரவு கடந்தும் கைத்தொலைபேசியின் வெளிச்சத்திலே கண் துஞ்சாதிருப்போர் ஊருக்குள் ஏராளம். அவர்களுடைய விழிப்பினாலும் எவருக்கும் ஒரு கணநேர நிம்மதி கிடைப்பதாக நான் காணவில்லை. மனிதர் விழித்திருக்கும் நேரம் குறைந்துவிடவில்லை. இன்னொருவருக்காக விழித்திருக்கும் நேரமே குறைந்திருக்கிறது. நல்வாழ்வு எது என்று எவராவது என்னைக் கேட்பாராயின், செல்வத்தையும் கீர்த்தியையும் ஒருபுறம் வைத்துவிட்டு, இரண்டு வினாக்களையே நான் திருப்பிக் கேட்பேன்: உமது விழிப்பினால் உறங்குபவர் எவர்? எவருடைய விழிப்பினால் நீர் உறங்குகிறீர்?

இவ்விரண்டில் இரண்டாவதே கடினமானது என்பதை வயது ஏற ஏற உணர்கிறேன். விழித்திருப்பதில் ஒரு கௌரவம் உண்டு. தன்னை விட்டால் ஆளில்லை என்ற இரகசியமான இன்பமும் உண்டு. காவல் முடிந்த பின்னரும் மேற்தட்டை விட்டு இறங்காமல், அடுத்தவன் சுக்கான் பிடிக்கும் விதத்தைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டு நிற்பவனைக் கப்பற்காரர் விரும்புவதில்லை. அவன் தன் ஓய்வையும் கெடுத்து, மற்றவனுடைய பொறுப்புணர்ச்சியையும் கெடுக்கிறான். எங்கள் தலைமுறையினர் பலர் இப்பொழுது நிற்கும் நிலை அதுவே. நாங்கள் பெருங்காற்றிலே நின்றவர்கள், நிறைய இழந்தவர்கள். ஆதலால், பிள்ளைகள் பிடிக்கும் ஒவ்வொரு திசையும் எங்களுக்குப் பயத்தைத் தருகிறது. ஆயினும், காவல் மாறும் வேளையில் மூத்தவருக்கு விதிக்கப்பட்ட கடமை இரண்டே. எந்தக் காற்று எங்களை அலைக்கழித்தது, எந்தக் கயிறு எங்கள் கவனக்குறைவினால் அறுந்தது, எந்த விளக்கைக் கரையென்று நம்பி நாங்கள் மோசம்போனோம் என்பவற்றை, எங்கள் பெருமைக்கு ஏற்றபடி திருத்தாமல், உள்ளவாறே சொல்லிவிடுவது முதலாவது. சொல்லியபின் கீழே இறங்கிச் சென்று படுத்துக்கொள்வது மற்றையது. முதலாவதைச் செம்மையாகச் செய்தவருக்கு மாத்திரமே இரண்டாவது கைகூடும். உண்மையை மறைத்து ஒப்படைத்தவர்கள்தாம், அடுத்த தலைமுறை தவறிவிடுமோ என்று சாகும்வரை நித்திரையின்றி இருக்கிறார்கள்.