நகராமல் நகரமானவர்கள்

அயித்தை கேட்ட கேள்வியிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும்.

"நாங்க எங்கயும் நகரலையேத்தா. அதே வீடு, அதே கம்மா, அதே கருவக்காடு. பெறகு எப்புடி நகரமானோம்?"

புதுக்கோட்டை டவுனிலிருந்து ஆறேழு கிலோமீட்டரில் இருக்கிற எங்கள் ஊரும் மாநகராட்சியோடு சேரப்போகிறது என்ற பேச்சு வந்த நாளில் கேட்டார். நான் படித்தவள், டவுனில் வேலை பார்ப்பவள் என்பதால் எனக்குப் பதில் தெரியும் என்று நினைத்திருக்கிறார்.

"நல்லதுதானே அயித்தை. ரோடு வரும், லைட்டு வரும், சாக்கடை கட்டுவாங்க" என்றேன்.

"ரோடு வரும். வேல?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பேச்சை மாற்றிவிட்டேன். மாற்றியிருக்கக் கூடாது என்று பிறகு தோன்றியது.

புதுக்கோட்டை நகராட்சி 2024இல் மாநகராட்சியானது. காரைக்குடி, நாமக்கல், திருவண்ணாமலை ஆகியவையும் அதே ஆண்டில் ஆயின. 2011 கணக்கெடுப்பில் புதுக்கோட்டை நகராட்சியின் மக்கள்தொகை 1,17,000 சொச்சம். மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் கிராமங்களில் வாழ்ந்தவர்கள். இப்படிப்பட்ட ஊர் மாநகராட்சியாக வேண்டுமென்றால் சுற்றியுள்ள ஊராட்சிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இணைப்புப் பேச்சு எழுந்த இடங்களில், இங்கே மட்டுமல்ல, தமிழ்நாட்டின் பல நகரங்களைச் சுற்றியும், மக்கள் எதிர்ப்பு மனுவோடு வந்தார்கள். முன்வரிசையில் பெண்கள் நின்றார்கள். அவர்கள் சொன்ன முதல் காரணம் நூறு நாள் வேலை.

2005இல் இயற்றப்பட்ட மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் பெயரிலேயே 'ஊரக' என்ற சொல் இருந்தது. ஊராட்சி இருக்கும் வரைதான் அந்த வேலை. மாநகராட்சியின் வார்டாக மாறிய இடத்துக்கு அது கிடையாது. பசி அப்படியே இருக்கும், உடம்பும் அப்படியே இருக்கும். கம்மாயில் தூர்வார மண்ணும் அப்படியேதான் கிடக்கும். அரசாணை வந்தால் உரிமை மட்டும் போய்விடும்.

அந்த வேலையை மரத்தடியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டு வருவது என்று கேலி பேசுபவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள் என்பதற்கும் அந்தக் கேலிக்கும் தொடர்பு இருக்கிறது. பெண்கள் செய்கிற வேலை எதுவும் எளிதில் வேலையாகத் தெரிவதில்லை. 2024-25இல் அதற்கான கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். முழுக் கூலி கைக்கு வராத நாட்களும், வாரக்கணக்கில் பாக்கி நிற்பதும் உண்டு. அயித்தைக்கு அதில் கோபமும் உண்டு. ஆனாலும் அவர் சொல்வது இது: "நடவுக்குப் போனா எனக்கு ஒரு கூலி, ஆம்பளைக்கு ஒரு கூலி. இங்கன ரெண்டு பேருக்கும் ஒண்ணு. காசும் என் பேருல ஏறுது. யாருகிட்டயும் கேக்காம செலவு பண்ணுவேன்."

இதைக் கேட்டவுடன் 'ஆகா, கிராமத்தைக் காப்பாற்றுவோம்' என்று எழுதிவிட என்னால் முடியாது. அந்த ஊரில், ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்ட தெருவில் பிறந்தவள் நான். டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனிக் குவளை இருந்ததை அம்மா பார்த்திருக்கிறாள். கோயில் திருவிழாவில் எங்கள் தெருப் பெண்கள் எந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தை அறியாமையும் குறுகிய பற்றும் குடியிருக்கும் இடமாகப் பார்த்துப் பேசினார். கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு அது கசந்தது. எங்கள் தெருவில் அதைப் படித்துக் காட்டினால் யாரும் அதிர்ச்சியடைய மாட்டார்கள். 2022 டிசம்பரில் இதே மாவட்டத்தின் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. கிராமம் என்பது அதுவும்தான்.

டவுன் பஸ் ஸ்டாண்டில் நான் யார் வீட்டுப் பெண் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி இல்லாமல் நடப்பது எவ்வளவு பெரிய விடுதலை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அயித்தையின் கேள்வி என்னைக் கூடுதலாகத் தொந்தரவு செய்கிறது. நகரத்தால் அதிகம் பயனடைய வேண்டிய பெண்ணே அதைக் கண்டு ஏன் பயப்படுகிறார்?

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு கணக்குச் சொல்லப்படும். ஆயிரம் பேருக்குச் சாலையும் விளக்கும் வருகிறது, நூறு பேருக்கு வேலை போகிறது. ஆகவே மொத்தத்தில் நன்மை. 'மொத்தத்தில்' என்ற இந்தச் சொல்லைச் சந்தேகப்பட வேண்டும். ஒருவருடைய இழப்பை மற்றவர்களுடைய லாபத்தைக் கூட்டிச் சரிசெய்துவிட முடியாது என்று 1971இல் ஜான் ரால்ஸ் நீதி பற்றிய தன் நூலில் வாதிட்டார். மனிதர்கள் தனித்தனியானவர்கள், என் வீட்டு வாசலில் எரிகிற விளக்கு உன் வீட்டு அடுப்பை எரிக்காது. குடும்பத்துக்குள் இந்தக் கணக்கைப் பெண்கள் நன்றாக அறிவார்கள். 'மொத்தத்தில் குடும்பத்துக்கு நல்லது' என்று சொல்லித்தான் படிப்பை நிறுத்தினார்கள், நகையை அடகு வைத்தார்கள். அந்த மொத்தத்தில் அவளுடைய பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஆனால் அயித்தையின் விஷயத்தில் இழப்பும் லாபமும் ஒரே ஆளுக்கு வருகின்றன. அவர் வாசலிலும் விளக்கு எரியும். அப்படியானால் கொடுக்கல் வாங்கல் சரியாகிவிட்டதா?

இல்லை என்றே நினைக்கிறேன். கொடுக்கப்படுவது வசதி, எடுக்கப்படுவது உரிமை. வேலை கேட்டு விண்ணப்பித்தால் 15 நாட்களுக்குள் தர வேண்டும், தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்றது 2005ஆம் ஆண்டுச் சட்டம். அது நடைமுறையில் ஒழுங்காக நடந்ததா என்பது வேறு. சண்டை போடுவதற்கு அவர் கையில் ஒரு வாக்கியம் இருந்தது என்பதே முக்கியம். தெருவிளக்குக்கு அப்படி எதுவும் இல்லை. வந்தால் நன்றி சொல்ல வேண்டும். எரியாவிட்டால் கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். வசதி கொடுப்பவருடைய விருப்பத்தில் வாழ்கிறது. உரிமை கேட்பவருடைய குரலில் வாழ்கிறது. ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று சொல்வதற்கு முன், வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பாவது அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

அவருடைய 'வேண்டாம்' ஏன் எண்ணப்படுவதில்லை? ஒரு சின்ன விவரத்தில் இதற்கு விடை கிடைத்தது. மாநகராட்சி, நகராட்சி என்று அரசு அறிவிக்காத ஓர் ஊரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எப்போது நகரம் என்று ஏற்கும்? 2011 கணக்கெடுப்பின் அளவுகோல்கள் மூன்று. குறைந்தது 5,000 பேர் வசிக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்க வேண்டும். முதன்மைத் தொழிலாளர்களான ஆண்களில் 75 விழுக்காட்டினராவது விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும்.

ஆண்களில். பெண்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்பது அந்த அளவுகோலில் இல்லை. ஆண்கள் கட்டட வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, பெண்கள் முழுக்க வயலிலும் ஆட்டுக்குப் பின்னாலும் நின்றாலும் ஓர் ஊர் நகரமாகிவிடலாம். புதுக்கோட்டை மாநகராட்சியானது இந்த அளவுகோலால் அல்ல, மாநில அரசின் முடிவால். ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருக்கும் பார்வை ஒன்று. ஊர் என்பது ஆண் போய்வரும் இடம். பெண் அதில் இருப்பவள்.

இந்த ஊரின் வரலாறே இதற்குச் சாட்சி. 1878இல் சமஸ்தானத்துக்குத் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி புதுக்கோட்டையின் தெருக்களை நேராகவும் அகலமாகவும் அமைத்தார், குளங்களைச் சீராக்கினார். இன்றைக்கும் நாம் பெருமையோடு காட்டுகிற நகர அமைப்பு அது. அந்த அகலமான தெருக்கள் உள்ள ஊரில் 1886இல் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் அவர் சேர விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. அவர் பெண் என்பதும், அவருடைய தாயார் பிறந்த சமூகமும் காரணங்கள். மன்னர் அனுமதி கொடுத்ததால் சேர முடிந்தது, பிறகு மருத்துவரானார். தெரு அகலமாக இருந்தாலும் ஒரு பெண் நடப்பதற்கு அதில் இடம் இல்லாமல் இருக்கலாம். அவருக்குக் கிடைத்ததும் அனுமதிதான். மன்னர் மறுத்திருந்தால் என்ன செய்திருக்க முடியும்?

இன்னொரு சாட்சியும் உண்டு. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து இந்த மாவட்டத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். வயல் வேலைக்காரர்கள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதற்காக ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கிய பெண்களைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அயித்தையும் அப்போதுதான் கற்றார். முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

அந்தச் சமயத்தில் எந்த ஊரின் எல்லையும் மாறவில்லை. ஆனால் டவுன் பக்கத்தில் வந்துவிட்டது. தண்ணீருக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓர் ஆணின் வசதிக்காகக் காத்திருக்க வேண்டிய நேரம் குறைந்தது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானபோது அந்தத் தூரம் இன்னும் சுருங்கியது. ஓர் ஊர் வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதாது. ஒரு பெண் யாரிடமும் கெஞ்சாமல் எவ்வளவு தூரம் போய்வர முடிகிறது, போய்வந்த பிறகு அவள் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அப்படியானால் இணைப்பு வேண்டாமா? சில ஊர்களுக்கு வேண்டாம்தான். அதை அந்த ஊர்க்காரர்கள் சொல்லட்டும். ஆனால் நகரமா வேலையா என்று ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே அநியாயம். உரிமை எல்லைக்கல்லோடு நின்றுவிட வேண்டும் என்று எந்த இயற்கை விதியும் இல்லை. கேரளத்தில் அய்யங்காளி பெயரில் நகர்ப்புற வேலை உறுதித் திட்டம் இருக்கிறது. ராஜஸ்தான் 2022இல் நகரங்களுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் சோதனை முறையில் வந்தது. ஆனால் அது கேட்டுப் பெறும் சட்ட உரிமையாக வரவில்லை.

நகரமும் உரிமைகளைத் தரும், போராடினால். அயித்தையின் மகள் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். வேலை பார்க்கிறாள் என்று சொல்லாமல் நிற்கிறாள் என்று சொல்வது வீட்டு வழக்கம். கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக 2018இல் உட்காரும் உரிமை சட்டமானது. 2021இல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வைக்க வேண்டும் என்றது. ஒரு நாற்காலிக்குச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. முதலாளி இரக்கப்பட்டுப் போட்ட நாற்காலியை நாளைக்கு அவரே எடுத்துவிடலாம். சட்டம் போட்ட நாற்காலி இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்கலாம்.

போன மாதம் அயித்தை வீட்டுக்குப் போயிருந்தேன். டிரங்குப் பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய வேலை அட்டையை எடுத்து நீட்டினார்.

"ஊரு சேந்துருச்சுன்னா இதத் தூக்கிப் போட்ரவாத்தா?"

"போடாதீங்க அயித்தை. பத்திரமா வையிங்க."

"எதுக்கு? செல்லாதுங்குறாக."

"செல்லாதுன்னு யார் முடிவு பண்ணுனாங்கன்னு கேக்கணும்ல. கேக்கப் போறப்போ கையில ஏதாச்சும் வேணாமா?"

கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்தார். "கேக்குறதுன்னா இனிமே பஞ்சாயத்து ஆபீசுக்கு இல்ல, டவுனுக்குல்ல போவணும்" என்றார். பிறகு பையில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டே சொன்னார்: "போவம். பஸ்ஸுதான் சும்மா விடுறாகளே. நாலு பேரக் கூட்டிக்கிட்டே போவம்."