தீவு ஒருவருக்கு, மீன் எவருக்கு?

மாவடிப்பள்ளி வயற்காரருக்கு வரம்பின் அருமையை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அடுத்தவர் வரம்பை ஒரு சாண் வெட்டினாலும் அது அவருடைய உரிமையை, ஹக்கைத் தின்றதுதான். ஆனால் அதே வரம்பில் நடந்து போகிறவரை யாரும் மறிப்பதில்லை. கீழ்வயலுக்குப் போகும் தண்ணீரை அடைத்தால் நீர்ப்பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானை வந்து நிற்பார். நிலம் ஒருவருடையதாக இருக்க, அதில் இன்னொருவருக்கும் நியாயமான பங்கு இருக்கலாம். காரைதீவைத் தாண்டிக் கடலில் இறங்கினால் இந்த நியாயம் செல்லுமா?

பாக்கு நீரிணையிலுள்ள கச்சதீவு 285 ஏக்கர். அந்தோனியார் கோயில் உண்டு, குடியிருப்பு இல்லை. 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த உடன்படிக்கை அதை இலங்கையின் பக்கம் வைத்தது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போல் அங்கே வந்துபோகலாம் என்றும் சொன்னது. 1976 மார்ச்சில் இரு அரசுகளும் பரிமாறிய கடிதங்களோ, ஒரு நாட்டவர் மற்ற நாட்டின் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்றன. இராமேஸ்வரத்திலும் மன்னாரிலும் வலை இழுத்தவர்களைக் கேட்டு எழுதிய கடிதங்கள் அல்ல அவை.

செங்கடலில் வேறுவிதமாக நடந்தது. ஹனீஷ் தீவுகளுக்காக 1995 இல் எரித்திரியாவும் யெமனும் மோதிக்கொண்டன. நடுவர் மன்றம் 1998 இல் அத்தீவுகளை யெமனுக்குக் கொடுத்தது. கொடுத்த கையோடு, இரு நாட்டு மீனவரும் வழக்கம்போல் அங்கே தொழில் செய்யலாம் என்றும் விதித்தது. 1999 தீர்ப்பில் அதற்கு இஸ்லாமியச் சிந்தனையிலிருந்தே ஆதாரம் காட்டியது: மனிதர் பூமியில் இறைவனின் பொறுப்பாளர்கள், கடலில் உணவு தேடும் உரிமை அவர்களுக்கு இயல்பிலேயே உண்டு என்று. கடலை இறைவன் ஒப்படைத்த அமானிதமாகப் பார்க்கும் எவருக்கும் இது புதிய செய்தியல்ல. ஒரு சர்வதேசத் தீர்ப்பில் அது இடம்பெற்றதுதான் பெரிது. 2016 இல் தென்சீனக் கடல் வழக்கிலும், ஸ்கார்பரோ திட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குள் போகாமலே, அங்கு மரபாகத் தொழில் செய்துவந்த பிலிப்பைன்ஸ் மீனவரைச் சீனா தடுத்தது தவறு என்றார்கள் நடுவர்கள்.

இந்தத் தீர்ப்புகள் பாக்கு நீரிணையைக் கட்டுப்படுத்தா. ஆனால் இரண்டும் காப்பாற்றியது சிறுதொழிலை மட்டுமே; பெரிய வணிக மீன்பிடியை அல்ல. கச்சதீவு விவாதங்களில் நழுவிப்போவது இந்த இடம்தான். இராமேஸ்வரத்துப் பாட்டன் பாய்மரத் தோணியில் வந்த கடல் என்பதால் பேரனின் றோலருக்கும் அங்கே உரிமை உண்டு என்று சொல்ல முடியாது. றோலரின் இழுவைமடி கடலடியைச் சுரண்டி, குஞ்சுமீனையும் முட்டையையும் அள்ளிக்கொண்டு போகிறது. வழியில் கிடக்கும் இலங்கையின் வடபகுதி மீனவரின் வலைகளையும் அறுத்துவிடுகிறது. அவர்களோ யுத்தகாலத்தில் கடலுக்குப் போகத் தடைபட்டு, 2009 க்குப் பிறகு கடன் வாங்கி வலை போட்டவர்கள். இலங்கை 2017 இல் இழுவைமடியைச் சொந்த மீனவருக்கும் தடைசெய்தது. மரபின் பெயரால் அந்தத் தடையைத் தாண்டுவது அநீதி.

அதற்காகப் பிடிபட்டவரைச் சிறையில் அடைப்பதும் நீதியாகிவிடாது. 1982 கடற்சட்ட சாசனத்தின் 73 ஆம் பிரிவு, பிரத்தியேகப் பொருளாதார வலயத்தில் மீன்பிடிக் குற்றத்துக்கு, நாடுகளிடையே வேறு இணக்கம் இல்லாவிட்டால், சிறைத்தண்டனை கூடாது என்கிறது. பாக்கு நீரிணை வரலாற்று நீர்ப்பரப்பு என்பதால் அந்தப் பிரிவு அங்கே நேரடியாகப் பொருந்தாது. ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காக மனச்சாட்சிக்கு விடுமுறை கொடுக்க முடியாது. படகின் சொந்தக்காரர் கரையில் இருக்க, கூலிக்குப் போனவர் கம்பி எண்ணுவது எந்தக் கணக்கில் சரி? படகைப் பறிக்கட்டும், உரிமையாளரிடம் அறுந்த வலைகளுக்கு நட்டஈடு வாங்கட்டும், கூலியாளை வீட்டுக்கு அனுப்பட்டும்.

இலங்கையின் பலநாள் படகுகளும் சாகோஸ் தீவுக் கடலில் பிடிபட்டிருக்கின்றன. அந்தத் தீவுகளைப் பிரித்தானியா மொரீசியஸிடமிருந்து பிரித்து வைத்திருப்பது சட்டவிரோதம் என்று சர்வதேச நீதிமன்றம் 2019 இல் கருத்துரைத்தது. தீவின் சொந்தம் பற்றித் தகராறு எழுந்தது என்பது அங்கே சுறாவை அள்ள அனுமதி ஆகாது. இராமேஸ்வரத்தாரிடம் கேட்கும் கணக்கை, நம் கரையிலிருந்து புறப்படும் படகின் முதலாளியிடமும் கேட்க வேண்டும்.