கேம் விளையாடினால் சோறு கிடைக்குமா?

அம்பாங்கான் வீடுகளில் இந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. பால்மரம் வெட்டி வளர்த்தவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்?

நம் மலேசியாவின் வான் ஹஸ்மரை எடுத்துக்கொள்வோம். தோக்கியோவில் ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனத்தில், 2016இல் வெளிவந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 15' கேமுக்கு முதன்மை வடிவமைப்பாளராக இருந்தார். ஆனால் இயக்குநர் நாற்காலி அங்கே இன்னொருவருடையது. ஊர் திரும்பி மெட்ரோனோமிக் நிறுவனத்தைத் தொடங்கிய பிறகுதான், 2020இல் 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' கேமின் இயக்குநரானார்.

இயக்குநருக்கு என்னதான் வேலை? படம் வரைபவர் ஒருவர், நிரல் எழுதுபவர் ஒருவர், இசையமைப்பவர் இன்னொருவர். குதித்தால் எவ்வளவு உயரம், தோற்றால் எங்கிருந்து மறுபடி தொடங்குவது என்பதுவரை முடிவு சொல்பவர் இயக்குநர். பலர் மாதக்கணக்கில் உழைத்த ஒரு கட்டத்தை, சுவாரசியம் இல்லை என்று தூக்கிப் போடவும் வேண்டும். (அன்றைக்கு அவருடன் யார் தேநீர் குடிப்பார்களோ!)

கேம் உருவாக்குவதில் தமிழரும் உண்டு. கனடாவில் தமிழர் அபி உருவாக்கிய 'வெண்பா' கேம் 2023இல் வந்தது. மறு ஆண்டே பாஃப்டா விருது வாங்கியது. அழிந்துபோன சமையல் குறிப்பை வைத்து அதில் இட்லி அவிக்க வேண்டும். சோறு பற்றிக் கேட்கும் பாட்டியிடம் காட்டிப் பாருங்கள். தட்டு அடுக்கியது தப்பு என்பார்.