வாரந்தோறும் வீழும் தெய்வங்கள்

ஆன்லைன் விளையாட்டுக் கதைகளில் கடவுள் எல்லாம் வல்லவராக இருக்க முடியாது. இருந்தால் ஆடுபவருக்கு வேலையில்லை. லட்சக்கணக்கானோர் ஒரே கற்பனை உலகுக்குள் நுழைந்து, ஒவ்வொருவரும் தன்னையே நாயகனாகக் கொண்டு ஆடும் விளையாட்டு இது. தெய்வம் நினைத்த மாத்திரத்தில் தீமை ஒழியுமானால் கதை அங்கேயே முடிந்துவிடும். எனவே தெய்வத்தைப் படைக்கும்போதே கதையாசிரியர்கள் அதற்கு ஒரு குறையையும் சேர்த்தே படைக்கிறார்கள். அந்தக் குறையை எங்கே வைக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் அந்த விளையாட்டின் இறையியல் விளங்கும்.

புராணங்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. இராவணன் தேவர்களாலும் அசுரர்களாலும் சாவு வரக்கூடாது என்று வரம் கேட்டான். மனிதரை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அதனால் திருமால் மனிதனாகப் பிறக்க வேண்டியதாயிற்று. இரணியனுக்கும் அப்படித்தான்: பகலும் இரவும் அல்லாத அந்திவேளை, உள்ளும் புறமும் அல்லாத வாசற்படி. இங்கே ஓட்டை பகைவன் பெற்ற வரத்தில் இருக்கிறது. கடவுளின் ஆற்றலுக்குக் குறைவில்லை. விளையாட்டுக் கதைகள் பெரும்பாலும் இதற்கு நேர் எதிராகப் போகின்றன. அவற்றில் ஓட்டை தெய்வத்திலேயே இருக்கிறது.

பிளிஸார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இதற்கு நல்ல சான்று. அதில் உலகை ஒழுங்குபடுத்திய டைட்டன்கள் உண்டு. மண்ணுக்கடியில் சிறைப்பட்டுக் கிடக்கும் 'பழைய கடவுள்கள்' உண்டு. யாருக்கும் சொந்தமில்லாத 'ஒளி' என்ற ஆற்றலும் உண்டு. பழைய கடவுள்களில் ஒருவரான கத்தூனை 2006இல் நாற்பது பேர் கொண்ட குழுக்கள் மாதக்கணக்கில் முட்டி மோதியும் வீழ்த்த முடியவில்லை. கணக்குப்படி இவரைக் கொல்லவே முடியாது என்று ஆட்டக்காரர்கள் வாதிட்டார்கள். கடைசியில் நிறுவனம் ஒரு திருத்தம் வெளியிட்டு அவருடைய பலத்தைக் குறைத்தது. அதற்குப் பிறகே அவர் விழுந்தார். உண்மையிலேயே வெல்ல முடியாத கடவுளாக அவர் இருந்தது இந்தச் சில மாதங்கள்தான். அதுவும் கதையின் நோக்கமல்ல, எண்களில் நேர்ந்த பிசகு.

பகைத் தெய்வத்தைவிடத் துணைத் தெய்வத்தைக் கையாள்வது கடினம். பகைவன் எவ்வளவு வலியவனோ அவ்வளவுக்கு வெற்றி இனிக்கும். துணைவன் வலியவனானால் வெற்றி அவனுக்குப் போய்விடும். அதே விளையாட்டில் 2009 டிசம்பரில் வந்த 'ஐஸ்கிரவுன் சிட்டாடல்' கட்டத்தில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. ஒளியின் வீரரான டிரியன் ஃபோர்ட்ரிங்கை, பகைவனான மன்னன் ஆர்தஸ் சண்டையின் தொடக்கத்திலேயே பனிக்கட்டிக்குள் உறைய வைத்துவிடுகிறான். ஆடுபவர்கள் நெடுநேரம் போராடி ஆர்தஸின் உயிரைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறார்கள். அப்போது அவன் வீசும் ஒரே அடியில் அத்தனை பேரும் மாண்டுபோகிறார்கள். முதன்முறை ஆடுபவர் தோற்றுவிட்டதாகவே எண்ணுவார். அந்த நேரம் டிரியன் ஒளியை வேண்டிப் பனியை உடைத்து வெளியே வந்து, ஆர்தஸின் வாளைத் தகர்க்கிறார். அவன் கொன்ற தந்தையின் ஆவி தோன்றி மாண்டவர்களை எழுப்புகிறது. அருள் வருகிறது, ஆனால் மனித முயற்சி முழுவதும் செலவான பிறகே வருகிறது. கஜேந்திரன் கதை தெரிந்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது.

2017இல் ஆர்கஸ் என்ற பகைவனுடன் நடக்கும் சண்டையிலும் ஆடுபவர்கள் நடுவில் மாண்டு, இயோனார் என்ற டைட்டனின் அருளால் எழுகிறார்கள். அதே ஆண்டின் இன்னொரு காட்சி இதைவிடக் கூர்மையானது. ஒளியின் வடிவமான ஸீரா, சாபம் சுமந்த இல்லிடனை 'மீட்க' முன்வருகிறாள். அவன் மறுக்கிறான். அவள் அவனைக் கட்டிப்போட்டு ஒளியை வலிந்து திணிக்கிறாள். அவன் அவளைச் சிதறடித்துவிடுகிறான். இசைவு கேட்காத அருளை அருள் என்று ஏற்க வேண்டுமா என்ற கேள்வி, ஒரு பொழுதுபோக்கு விளையாட்டில் இவ்வளவு நேரடியாக வருவது அரிது.

இறையியலை இன்னும் ஆழமாகக் கையாண்டது ஸ்கொயர் எனிக்ஸின் 'ஃபைனல் ஃபேன்டஸி 14'. 2010இல் வந்து தோற்றுப்போன இந்த விளையாட்டை, நவோகி யோஷிதா தலைமையிலான குழு 2013இல் புதிதாகக் கட்டி வெளியிட்டது. அதில் வரும் 'பிரைமல்' தெய்வங்கள் தாமாக இருப்பவை அல்ல. ஓர் இனம் துயரத்திலும் கோபத்திலும் வேண்டிக்கொள்ளும்போது, வேண்டுதலும் படிகங்களும் சேர்ந்து உருவெடுப்பவை. பக்தியே தெய்வத்தைப் படைக்கிறது. படைக்கப்பட்டது உடனே பக்தர்களின் மனத்தை ஆட்கொண்டு அடிமையாக்கி, நிலத்தின் உயிராற்றலைக் குடிக்கிறது.

இந்த வரிசையில் இஃப்ரிட், கருடா, இராவணன், இலட்சுமி எனப் பல நாட்டுப் பெயர்கள் வருகின்றன. 2015இல் வந்த இராவணன் நான்கு கைகளில் வாளேந்திய பூச்சியுருவம். பூச்சி போன்ற ஓர் இனத்தின் போர்த்தெய்வம். 2017இல் வந்த இலட்சுமியை அழைப்பவள், போரில் கொல்லப்பட்ட மகளைத் திரும்பப் பெறத் துடிக்கும் ஒரு தாய். செல்வத்தின் தெய்வத்திடம் யாரும் கேட்காத வேண்டுதல் இது. பெயர்தான் இந்தியாவிலிருந்து வந்திருக்கிறது, தெய்வம் வரவில்லை. இப்படிப் பெயரெடுப்பது எப்போதும் அமைதியாக முடிவதில்லை. 'ஸ்மைட்' என்ற போட்டி விளையாட்டில் காளியைச் சித்தரித்த விதத்துக்கு 2012இல் அமெரிக்காவில் இந்துக்களின் எதிர்ப்பு எழுந்தது; நிறுவனம் இந்துத் தெய்வங்களை நீக்கவில்லை.

பிரைமல்கள் பொய்த்தெய்வங்கள், நாயகனுக்குத் துணைநிற்கும் ஒளித்தாய் ஹைடேலின் மட்டும் மெய்த்தெய்வம் என்றே ஆடுபவர்கள் பல ஆண்டுகள் நம்பியிருந்தார்கள். 2019இல் வந்த 'ஷேடோபிரிங்கர்ஸ்' அந்த நம்பிக்கையைக் கவிழ்த்தது. ஹைடேலினும் ஒரு பிரைமல்தான். பேரழிவைத் தடுக்கத் தொல்குடியினர் தங்களில் பாதிப் பேரைப் பலியிட்டு ஸோடியார்க் என்ற தெய்வத்தை உருவாக்கினார்கள்; அதைக் கட்டுப்படுத்தவே ஹைடேலின் உருவாக்கப்பட்டாள். 2021இன் 'எண்ட்வாக்கர்' அவளுடைய முன்கதையைச் சொல்கிறது. அவள் வெனாட் என்ற பெண்ணாக இருந்தவள். உலகைப் பதினான்காகப் பிளந்து, துன்பத்தையும் மரணத்தையும் மனிதர்க்கு விதித்தவள் அவளே. துன்பத்தைத் தாங்கத் தெரிந்தவர்களே வரவிருக்கும் அழிவைத் தாங்குவார்கள் என்பது அவள் கணிப்பு. முடிவில் நாயகனைச் சோதிக்கத் தானே எதிர்நின்று போரிட்டுத் தோற்று, எஞ்சிய ஆற்றலையும் தந்துவிட்டு மறைகிறாள்.

கடவுள் ஏன் துன்பத்தை அனுமதிக்கிறார் என்ற பழைய கேள்விக்கு இது ஒரு விடை. ஆனால் நிறைவான விடையல்ல. பிளவில் அழிந்தவர்களிடம் யாரும் இசைவு கேட்கவில்லை, கதையும் அதை மறைக்கவில்லை. ஆனாலும் டிரியனையும் இயோனாரையும் விட ஹைடேலின் மேலான படைப்பு. மற்றவர்களின் வலிமையைக் கதையாசிரியர் தேவைப்பட்டபோது பூட்டியும் திறந்தும் வைக்கிறார். ஹைடேலினின் வலிமை அவளே தெரிந்து செய்த செயல்களில் செலவாகித் தீர்கிறது.

விளையாட்டின் அமைப்போ கதைக்கு ஒத்துழைப்பதில்லை. வார்கிராஃப்டில் 'ரெய்டு' எனப்படும் பெருங்குழுச் சண்டைகள் வாரம் ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால், கொல்லப்பட்ட தெய்வம் அடுத்த வாரம் பழையபடி எழுந்து நிற்கும். ஹைடேலினுடனான போரையும் எட்டுப் பேர் சேர்ந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப ஆடலாம்.