யார் வயிற்றில் படித்தார் உங்கள் டாக்டர்?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மண்டியும் பாத்திரக்கடையும் நடத்தும் அண்ணாச்சிமாருக்கு வியாபாரத்தில் ஆயிரம் போட்டி இருக்கலாம். டாக்டர் விஷயத்தில் மட்டும் ஒரே கட்சி: கைதேர்ந்தவராக இருக்க வேண்டும், படிக்கிற பிள்ளைகள் நம்மைத் தொடக் கூடாது. நியாயம்தான். ஆனால் அந்தக் கை எங்கே தேறியது?

மருத்துவத் தேர்வில் லாங் கேஸ், ஷார்ட் கேஸ் என்று இரண்டு உண்டு. முன்னதில் நோயாளியிடம் உட்கார்ந்து முழுக் கதையும் கேட்கலாம். ஷார்ட் கேஸில் கதை வேண்டாம். ‘வயிற்றைப் பார்’ என்பார் தேர்வாளர். சில நிமிடங்களில் வீங்கிய மண்ணீரலைத் தடவிக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். ‘நல்ல கேஸ்’ என்று தேர்வாளர்கள் மகிழ்வது நோயாளிக்கு நல்லதாக இருப்பதால் அல்ல. ஒருவன் போனதும் அடுத்தவன் வந்து அதே விலாவுக்குக் கீழே விரலை அழுத்துவான். அந்த விலா பெரும்பாலும் இலவச வார்டில் கிடப்பவருடையது. சாலையில் மூட்டை சுமப்பவராக இருக்கலாம். மூட்டைக்குச் சொந்தக்காரராக இருப்பது அபூர்வம்.

புத்தகத்தில் ஏறும் அரிய நோய்களும் அப்படித்தான் வந்தன. கணையத்தில் கல் சேரும் ஒரு நோயைக் கேரளத்தில் 1960களில் டாக்டர் கீவர்கீஸ் விரிவாக ஆராய்ந்தார். பிள்ளைப் பருவத்தில் வயிற்றுவலி, வளர்ந்ததும் சர்க்கரை, வாழ வேண்டிய வயதில் சாவு. நோயாளிகளில் பெரும்பாலோர் மெலிந்த ஏழைகள். அவர்கள் தின்ற மரச்சீனிக் கிழங்கின்மேல் வெகுகாலம் பழி இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் அது நிற்கவில்லை. ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் உள்ள மாற்றங்களுக்குப் பங்குண்டு என்று தெரிந்தது. இன்று ஏசி அறையில் உட்கார்ந்து கணைய ஸ்கேனைப் பார்க்கும் நிபுணரின் அறிவில் அந்தப் பஞ்சை உடம்புகளும் இருக்கின்றன. கட்டண ரசீதில்தான் அவர்களுக்கு ஒரு வரி இல்லை.

‘அது அவனவன் விதி’ என்பார் ஒருவர். இந்த ஊருக்கு அந்தப் பதில் பழக்கமானது. சாலைக்குப் பக்கத்திலே பேட்டையில் 1863இல் பிறந்த டாக்டர் பல்புவுக்கு, ஈழவர் சாதி என்பதால் திருவிதாங்கூரில் மருத்துவம் படிக்க வழி கிடைக்கவில்லை. சென்னையில் படித்துத் திரும்பியபோது வேலையும் இல்லை. மைசூர் அரசுதான் வேலை கொடுத்தது. யார் கை யாரைத் தொடலாம் என்பதை அன்று பிறப்பு முடிவு செய்தது. இப்போது அதை அறை வாடகை முடிவு செய்கிறது.

மாணவன் தொடக் கூடாது என்று மறுக்க எவருக்கும் உரிமை உண்டு. அதை நான் பறிக்க வரவில்லை. பணம் கட்டினால் மட்டும் கிடைப்பதை உரிமை என்று எப்படிச் சொல்வது? இலவச வார்டில் ‘தொடலாமா?’ என்று கேட்பவர் எத்தனை பேர்? ‘வேண்டாம்’ என்று சொன்னால் நாளைக்கு மருந்து கிடைக்குமோ என்ற பயம் இல்லாமல் பதில் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்?

கோயிலில் அன்னதானத்துக்கு அரிசி மூட்டை அனுப்பும் அண்ணாச்சிக்கு ஒரு யோசனை. உங்களுக்கும் ஈரல் வீங்கும், இதய வால்வு கசியும். அடுத்த தேர்வுக்கு மருத்துவக் கல்லூரியில் பெயர் கொடுங்கள். கட்டிலில் படுத்துச் சட்டையைத் தூக்குங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடச் சொல்லுங்கள்; உங்கள் சொல் அங்கே எடுபடும். பக்கத்துக் கட்டிலில் உங்கள் கடைச் சுமைக்காரர் படுத்திருந்தால், அவருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.